இரண்டு சேலை நீளம்

முதலில் அம்மாவின் திருநாள் சேலையைத்தான் இறக்கினேன். அரக்கு நிறம், பச்சைக் கரை. ஒரு நுனியைப் பல்கனிக் கம்பியில் கட்டிவிட்டு மற்ற நுனியை வெளியே விட்டால், அது பாதி வழியில் நின்றுவிட்டது. மூன்றாம் மாடி ஒரு சேலையை விட நீளம் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். உள்ளே போய் அலுமாரியில் கைக்கு அகப்பட்ட இன்னொன்றை எடுத்து வந்து, நுனியோடு நுனியை முடிந்து மறுபடி விட்டேன்.

சேலை காற்றில் வயிறு ஊதிக்கொண்டு, கீழ்வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த காற்சட்டைகளை உரசி, மந்தரின் பழம் விற்கும் தோத்தோவின் சிவப்புத் துணிக்கூரைமேல் போய்ப் படுத்தது. பலெர்மோ நகரத்துப் பல்லரோ சந்தையில் வியாழக்கிழமைப் பின்னேரம். கூவிக்கொண்டிருந்த மீன்காரர்களும் மரக்கறிக்காரர்களும் ஒவ்வொருவராகக் கூவலை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள்.

தெரு நடுவில் அம்மா நின்றார். முகத்தில் கவசம், ஒரு கையில் கயிறு சுற்றிய பிரம்புக்கூடை, மற்றக் கையில் கைத்தொலைபேசி. மகள் காய்ச்சலில் தனியே கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஓடிவந்த தாயின் முதல் வார்த்தை இதுதான்:

"உந்தச் சேலையையோ எடுத்துக் கட்டினனி?"

இந்தத் தொடரை அம்மா கிழமை தவறாமல் வாசிக்கிறார். சேலைக் கதையை எழுத வேண்டாம் என்று நேற்றும் சொன்னார். அதனால்தான் அதிலிருந்தே தொடங்கியிருக்கிறேன்.

கதவைத் தட்டாமல் வந்தது

அப்போது நான் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன், இரண்டாம் ஆண்டு. அந்த வாரம் வெள்ளிக்கிழமை வாய்மொழிச் சோதனை. பேராசிரியருக்கு முன்னால் உட்கார்ந்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வியா மக்வேதா தெரு வழியாக நூலகத்துக்கு நடந்து போனபோது எனக்கு ஒன்றுமில்லை. வழியில் ஒரு கோப்பி குடித்தேன், ஒரு கடைக் கண்ணாடியில் சப்பாத்து விலை பார்த்தேன். பதினொரு மணிக்குப் புத்தகத்தின் எழுத்துகள் கண்ணைக் குத்தின. பத்து நிமிடத்தில் முதுகு நோக ஆரம்பித்தது. பிறகு தொடை, பிறகு விரல் மூட்டுகள். வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே பல் கிடுகிடுத்தது.

சோதனைப் பயம் என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? எனக்குத் தெரிந்த வருத்தமெல்லாம் சளி பிடிக்கிற தடிமன் ஒன்றுதான். தடிமன் மரியாதையுள்ள வருத்தம். முதல் நாள் தொண்டை கரகரக்கும், அடுத்த நாள் மூக்கு ஓடும், மூன்றாம் நாள்தான் படுக்கச் சொல்லும். இது ஒரு மணித்தியாலத்துக்குள் ஆளை அடித்துப் போட்டுவிட்டது. மூக்கு ஓடவில்லை. வறட்டு இருமல் மட்டும். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது படியேறும் பலம் இல்லை, முதல் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் உட்கார்ந்துதான் வந்தேன்.

வெப்பமானி முப்பத்தொன்பது காட்டியது. நான் வெப்பமானியைத்தான் சந்தேகித்தேன்.

வியாழனும் ஞாயிறும்

வீட்டில் நான் மட்டும்தான். அப்பா தன் தங்கை மகளின் கலியாணத்துக்கு இலங்கையில் ஊர்காவற்றுறைக்குப் போயிருந்தார். அம்மா, கடற்கரைப் பக்கம் ஒரு வயதான இத்தாலியச் சின்யோரா வீட்டில் தங்கி வேலை செய்தார். பலெர்மோவில் எங்கள் அம்மாமார் பாதிப்பேருக்கு இதுதான் வாழ்க்கை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் அவர்கள் எங்களுக்கு. மற்ற நாளெல்லாம் வேறு யாரோ ஒருவருடைய தாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்தச் சின்யோராவுக்குத் தொண்ணூறை நெருங்கும் வயது. நெஞ்சு பலவீனம். அவருடைய மகள் ஒரு சட்டம் வைத்திருந்தாள்: தும்மினால் வேலைக்கு வராதே, தும்முகிற ஆளின் வீட்டிலிருந்தும் வராதே. அம்மாவுக்கு முன் அங்கே வேலை செய்த பெண், தடிமனோடு வந்து சின்யோராவைப் படுக்க வைத்துவிட்டாள் என்று அனுப்பப்பட்டவள்.

அம்மாவின் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் தங்கியிருக்கும் அனுமதி, அந்த வசந்தத்தில் முடிகிறது. புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும். வேலை போனால் அதுவும் போகும்.

ஆகவே கட்டிலில் கிடந்து நான் போட்ட கணக்கு இப்படி. எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் அம்மா வருவார். வந்தால் என் கட்டிலை விட்டு நகரமாட்டார். பிறகு அந்தக் காய்ச்சலைச் சின்யோராவுக்குக் கொண்டுபோவார், அல்லது கொண்டுபோகாமல் வேலையை விடுவார். எனவே அம்மாவுக்குத் தெரியக்கூடாது. வியாழனுக்குள் எழும்பிவிட வேண்டும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நம்புகிற வயது அது.

எட்டு வயதில் கிடைத்த உத்தியோகம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும், இல்லாவிட்டால் நான் செவ்வாய்க்கிழமை செய்த கூத்து விளங்காது.

இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத வாசிக்கத் தெரிந்தவுடன் ஓர் உத்தியோகம் கிடைத்துவிடும். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அவர்களுக்காகப் பேசுவது. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகம், தபாற்கந்தோர், எல்லாவற்றுக்கும் மேலாக டாக்டர். எட்டு வயதில் நான் தொடங்கினேன். கோயிலடியில் பூசை முடிந்ததும் ஆட்கள் என்னை அம்மாவிடம் கடன் கேட்பார்கள். பன்னிரண்டு வயதுக்குள் பித்தப்பைக் கல், நீரிழிவு, கர்ப்பம் மூன்று, எல்லாம் என் வாயால் இத்தாலியனுக்கு மாறியிருந்தன.

ஒரு மாமா மூலவியாதிக்காரர். டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் வெட்கப்பட்டு, "பிள்ளை, அதைச் சொல்லாதை, சும்மா வயித்துக்குத்து எண்டு சொல்லு" என்றார். சொன்னேன். வயிற்றுக்குத்துக்கு மருந்து கிடைத்தது. அவர் அடுத்த மாதமும் வந்தார், நின்றபடியே.

டாக்டர்மாருக்கு நேரமில்லை என்பதால் நான் வெட்டிச் சொல்லவும் பழகிக்கொண்டேன். "காய்ச்சல் மூன்று நாள், நித்திரையில்லை, தனியே இருக்கப் பயமாய்க் கிடக்கு" என்று அவர்கள் சொன்னால், "காய்ச்சல், மூன்று நாள்" என்பேன். மிச்சம் மருந்தில்லாத விஷயம் என்று என் எண்ணம்.

எங்கள் குடும்ப டாக்டரை எனக்குப் பதின்மூன்று வருடப் பழக்கம், இத்தாலியனில் தொத்தோரே என்று கூப்பிடுவேன். என் குரல் கேட்டால், "இன்றைக்கு யாரைக் கொண்டுவருகிறாய்?" என்றுதான் கேட்பார். எனக்கென்று நான் அவரிடம் போனது தடுப்பூசிக்கு மட்டும்.

பொய் என்று சொல்ல முடியாது

செவ்வாய் காலை அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு மணித்தியாலம் காத்திருந்துதான் கிடைத்தார்.

பழக்கம் கொடியது, பாறையினும் கோழி சீக்கும் என்பார்கள். "தொத்தோரே, ஒரு ஆளுக்குக் காய்ச்சல்" என்றுதான் என் வாய் தொடங்கியது. முப்பத்தொன்பது, நேற்றிலிருந்து, சட்டென்று வந்தது, உடம்பு நோவு, வறட்டு இருமல். எல்லாம் வரிசையாக, வெட்டி, சுருக்கமாக.

"அம்மாவுக்கா?" என்றார் அவர்.

ஒரு விநாடி இருந்தது. அந்த விநாடியில் "இல்லை, எனக்கு" என்று சொல்லியிருக்கலாம். "ம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது வசதி என்று பட்டது. எனக்கு என்று சொன்னால் அவர் அம்மாவைத் தேடுவார். அம்மாவுக்கு என்று சொன்னால் யாரைத் தேடுவார்? காய்ச்சல் மூளையின் சட்ட அறிவு அவ்வளவுதான்.

அவர் அக்கறையாகச் சொன்னார். இது இன்ஃபுளுவென்சா மாதிரித்தான் இருக்கிறது, ஊரெல்லாம் நடமாடுகிறது. அம்மா படுத்திருக்கட்டும். நிறையக் குடிக்கட்டும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் பொடியைக் கரைத்துக் கொடு. மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால், உதடு நீலமானால், பேச்சுத் தடுமாறினால், குறைந்த காய்ச்சல் திரும்பி ஏறினால் உடனே கூப்பிடு. கடைசியாக, "நீ அவரிடமிருந்து தூர நில். உனக்குச் சோதனைக் காலம் அல்லவா" என்றார்.

தன்னிடமிருந்து தானே தூர நில் என்று வைத்தியம் சொல்லப்பட்ட ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

புதன்கிழமை பொடியைக் கரைத்துக் குடித்தேன். கட்டிலுக்கும் குழாயடிக்கும் இடையில் ஆறு அடிதான், ஆனால் தண்ணீர் எடுக்கப் போவதை ஒத்திவைத்து ஒத்திவைத்துப் படுத்திருந்தேன். அம்மாவின் அழைப்புக்கு, "படிக்கிறன் அம்மா, பிறகு கதைக்கிறன்" என்று எழுதி அனுப்பினேன். வியாழன் காலை குலைப்பன் நடுக்கம் கூடியபோது, அப்பா முந்தின பயணத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பனடோல் மாத்திரைத் தட்டு கண்ணில் பட்டது. பொடியோடு அதையும் போட்டேன். எங்கள் வீடுகளில் அது தனி வழக்கம். இத்தாலிய மருந்து இத்தாலியக் காய்ச்சலுக்கு, ஊர் மருந்து ஊர் உடம்புக்கு.

சமையலறையில் ஒலிபெருக்கி

அதே வியாழன் காலை அந்த நல்ல டாக்டர், நோயாளியை மறக்காமல், அம்மாவின் கைத்தொலைபேசிக்கே எடுத்துவிட்டார்.

பிறகு அம்மா சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கை அழுக்கென்று ஒலிபெருக்கியில் போட்டார். சமையலறை மேசையில் சின்யோரா காலைச் சாப்பாட்டோடு இருக்கிறார். "சின்யோரா, உங்கள் காய்ச்சல் எப்படி?" என்று டாக்டர் அம்மாவை விசாரித்தது அந்தச் சமையலறை முழுக்கக் கேட்டது.

சின்யோரா கரண்டியை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அவர் தன் மகளைக் கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். நான் காப்பாற்றப் பார்த்த வேலையை நானே அந்த மேசையில் வைத்து வெட்டியிருந்தேன்.

அம்மா சொன்ன பதில் இது: "எனக்கு இல்லை. எனக்கு இல்லையென்றால் என் மகளுக்கு."

சின்யோரா சும்மா நம்பவில்லை. தன் கண் முன்னாலேயே அம்மாவை வெப்பமானி வைக்கச் சொன்னார். முப்பத்தாறரை. அதைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் பார்த்தார். பிறகு, போ, ஆனால் படி ஏறாதே என்றார். லிஃப்ட் வருவதற்கு முந்திய காலத்தில் ரொட்டியும் பாலும் மேலே இழுத்த தன் பழைய கூடையைக் கயிற்றோடு எடுத்துத் தந்தார். காய்ச்சல் கயிறு வழியாக இறங்காது என்பது அவருடைய கட்சி.

தெருவே கேட்டது

அப்படித்தான் அம்மா கூடையோடு கீழே நின்றார். எங்கள் வீட்டில் கயிறில்லை. கீழிருந்து கயிற்றை எறிந்தால் எட்டிப் பிடிக்க எனக்குப் பலமில்லை. ஆகவே சேலைகள்.

துணிக்கூரையில் கிடந்த நுனியைத் தோத்தோ ஒரு நீளத் தடியால் இழுத்து இறக்கினார். அம்மா அதில் கூடைக் கயிற்றை முடிந்தார். நான் இழுத்தேன். முதல் முறை கூடை வந்தபோது உள்ளே சின்யோரா வீட்டில் காய்ச்சிய கோழிச் சூப்பு ஒரு போத்தல், ரொட்டி, அம்மாவின் கம்பளிச் சால்வை. தோத்தோ கேட்காமலே அள்ளிப் போட்ட சியாகுல்லி ஊர் மந்தரின் பழங்கள், இலையோடு.

வெறுங்கூடையைத் திரும்ப இறக்கியதும் விசாரணை தொடங்கியது. டாக்டரை வழியிலேயே பிடித்து வைத்திருந்தார் அம்மா. தொலைபேசி ஒலிபெருக்கியில். அவர் கேட்பதை அம்மா தமிழில் மேலே கத்துவார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வேன். அம்மா அதை இத்தாலியனாக்கிக் கையில் இருந்த டாக்டருக்குக் கத்துவார்.

அம்மாவுக்கு இத்தாலியன் வராது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். எட்டு வயதிலிருந்து நானே பேசிவிட்டதால் கேட்கச் சந்தர்ப்பமில்லை. இப்போது கேட்டேன். வயதானவர்களின் மூச்சையும் சளியையும் பல வருடம் பார்த்த ஒருத்தியின் பேச்சு. பாதி சிசிலியன், இலக்கணம் எல்லாம் தலைகீழ், ஆனால் ஒரு விஷயமும் தப்பவில்லை.

"மூச்சு இழுக்குதோ? நெஞ்சு நோகுதோ?"

இல்லை.

"சலம் போறியோ? என்ன நிறம்?"

பல்லரோ நடுவில் இந்தக் கேள்வி. தமிழ் விளங்கக்கூடியவர் அங்கே மூலைக்கடை அன்ரன் அண்ணை ஒருவர்தான். அவர் உடனே திரும்பித் தன் கடைக்குள் போய்விட்டார். கடும் மஞ்சள் என்றேன். தண்ணி காணாது என்று அம்மாவே தீர்ப்பும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அன்ரன் அண்ணை கசாயத்துக்கு மல்லியும் வேர்க்கொம்பும் ஒரு பையில் கொண்டுவந்து, என் பக்கம் பாராமலே கூடையடியில் வைத்தார்.

"வேறை என்ன செய்யுது?" என்று அம்மா கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்ல நினைத்தேன். என்ன காரணமோ, "பயமாய்க் கிடக்கு அம்மா" என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, கூவல் நின்ற தெருவில் அது கீழே கேட்டது.

அம்மா தொலைபேசியை வாயருகே வைத்து அதையும் சொன்னார். மகளுக்குப் பயமாக இருக்கிறது, மூன்று நாளாகத் தனியே இருந்திருக்கிறாள் என்று, டாக்டருக்கு, ஒரு சொல்லும் குறையாமல். நான் இவ்வளவு காலம் வெட்டி எறிந்ததை எல்லாம் நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அது மருந்தில்லாத விஷயமில்லை. டாக்டரின் குரல் அதற்குப் பிறகு மெதுவாகி, அம்மா தொலைபேசியைக் காதோடு வைத்துக் கேட்டது எனக்கு மூன்றாம் மாடியிலும் தெரிந்தது.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்

வெள்ளிக்கிழமை நான் சோதனைக்குப் போகவில்லை. சுகமில்லை என்று பேராசிரியருக்கு இரண்டு வரி எழுதினேன். அடுத்த தவணைக்கு வா, முதலில் படுத்து எழும்பு என்று ஒரே வரியில் பதில் வந்தது. மூன்று நாளாக நான் பயந்தது அந்த ஒரு வரிக்குத்தான். அம்மாவுக்கு ஒன்றும் தொற்றவில்லை, சின்யோராவுக்கும் இல்லை. சின்யோரா தன் மகளிடம் இதைச் சொன்னது ஈஸ்டருக்குப் பிறகுதான். பெர்மெஸ்ஸோவும் வந்தது. திருநாள் சேலையில் முடிச்சு விழுந்த இடம் இன்றைக்கும் சுருங்கித்தான் இருக்கிறது, அம்மா அதைக் கொசுவத்துக்குள் மறைத்துக் கட்டுகிறார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கூடையின் இரண்டாவது பயணத்தை.

என்ன மருந்து போட்டாய் என்று டாக்டர் கேட்டார். பொடியும் போட்டேன், பனடோலும் போட்டேன் என்று மேலிருந்து சொன்னேன். அம்மா அதைச் சொன்னதும் டாக்டர் கத்தினார். இரண்டும் ஒரே மருந்து, பெயர்தான் வேறு. எத்தனை, எப்போது என்று அவளே எனக்குச் சொல்ல வேண்டும், இப்போதே.

"போனை வைச்சால் பிறகு டாக்டரைப் பிடிக்கேலாது" என்றார் அம்மா. தொலைபேசியைக் கூடைக்குள், மல்லிப் பைக்கு மேல் வைத்தார். "இழு. உன்ரை வாயாலை சொல்லு."

இழுத்தேன். இரண்டாம் மாடிக் காற்சட்டைகளைத் தாண்டி, "ப்ரொந்தோ? ப்ரொந்தோ?" என்று கேட்டபடி டாக்டர் ஆடி ஆடி ஏறி வந்தார். கூடை விழுந்தால் பிடிக்க அம்மா கீழே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார்.

எடுத்துக் காதில் வைத்தேன்.

"யாருக்குக் காய்ச்சல்?" என்றார் டாக்டர். அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

"எனக்கு," என்றேன். "எனக்குத்தான், தொத்தோரே." சொன்னதும் அழுகை வந்துவிட்டது. பதின்மூன்று வருடமாக அவரிடம் எத்தனையோ பேரின் காய்ச்சலைச் சொல்லியிருக்கிறேன். என்னுடையதைச் சொல்வது இவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாது.

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னேன். பனடோல் இன்று காலை இரண்டு. பொடி இன்று இரண்டு, நேற்றுப் பொடி மட்டும். தப்பினாய் என்றார். இன்றைக்கு இனி ஒன்றும் வேண்டாம், நாளை காலை நானே தொலைபேசி எடுக்கிறேன், அந்தத் தட்டைக் கூடையில் போட்டுக் கீழே அனுப்பு.

கடைசியாக, "உன்னோடு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

யாருமில்லை என்று வாய் தானாகத் தொடங்கியது. கீழே பார்த்தேன். அம்மா இன்னும் கையை இறக்கவில்லை. தோத்தோ தடியோடு நின்றார். அன்ரன் அண்ணை கடை வாசலில் நின்று, இந்த முறை நேரே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆட்கள் இருக்கிறார்கள், தொத்தோரே," என்றேன். "கொஞ்சம் கீழே நிற்கிறார்கள்."